மேடு பார்த்து வண்டியை நிறுத்து

மூன்றடி உயரம், எட்டடிப் பலகை. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் மினி டிராக்டரை டிரெய்லரில் ஏற்றுவது இந்த இரண்டு அளவை வைத்துத்தான். கணக்குப் போட்டால் சரிவு 22 டிகிரி வருகிறது. காகிதத்தில் அது சாதாரண எண். பாதிப் பலகையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு மாதிரி. பானெட்டுக்கு அப்பால் டிரெய்லர் கண்ணில் படாது, தென்னை மட்டைதான் தெரியும். கையில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். முன் சக்கரம் பலகையை விட்டு எழும்பப் பார்க்கிறது என்று அதற்கு அர்த்தம்.

நான் குடியாத்தம் பக்கம். தென்னை, வாழை, கொஞ்சம் மல்லாட்டை (நிலக்கடலை). 24 எச்.பி. வண்டி ஒன்று இருக்கிறது, சொந்த வேலை போக மிச்ச நாளில் வாடகைக்குப் போகும். வாழைக்கு நடுவில், தென்னை வரிசைக்குள், மாந்தோப்பில், இலவம்பாடி பக்கத்து முள் கத்தரித் தோட்டத்தில் என்று பெரிய டிராக்டர் நுழையாத இடத்துக்கெல்லாம் இதைத்தான் கூப்பிடுவார்கள். வட ஆற்காடாக இருந்த ஜில்லா 1989-ல் இரண்டாகி, 2019-ல் வேலூர் மறுபடியும் மூன்றாகிவிட்டது. உழவுக்குக் கூப்பிடுகிறவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஒடுகத்தூர் என்பார், ஆலங்காயம் என்பார், மலைமேல் ஜமுனாமரத்தூர் என்பார். நாளைக்கே வரணும் என்பார்.

பக்கத்து ஊர் என்றால் ஓட்டிக்கொண்டே போய்விடுவேன். தூரமென்றால் முடியாது. டாப் கியரிலேயே மணிக்கு 20, 25 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் பள்ளிகொண்டா பக்கம் சென்னை - பெங்களூர் ஹைவேயில் ஏறி, பின்னால் வருகிற கண்டெய்னர் லாரிக்காரன் நம்மைப் பார்த்துவிடுவான் என்று நம்பிக்கொண்டு போகிற தைரியம் எனக்கு இல்லை. தார் ரோட்டில் டயர் பட்டன் தேய்வது தனிச் செலவு.

ஆக ஏற்றித்தான் போக வேண்டும். குட்டி யானையில், அதாவது டாடா ஏஸில், ஏற்றலாமே என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். 24 எச்.பி.யில் எடை குறைந்த வண்டியே 650 கிலோவை ஒட்டி வரும். பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையும் சேர்த்தால் 800 கிலோவைத் தாண்டும். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குச் சொன்ன பாரம் முக்கால் டன். நீளமும் உதைக்கிறது. தொட்டி ஏழடி சொச்சம், டிராக்டர் கிட்டத்தட்ட எட்டடி. பின் கதவைத் தொங்கவிட்டுக் கயிறு கட்டிக்கொண்டு போகிறவர்களை நானும் பார்க்கிறேன். அது அவர்கள் பாடு. எனக்கு ஒன்றரை டன் பிக்கப், கிடைக்காவிட்டால் பங்காளி வீட்டுப் பெரிய டிராக்டரின் டிரெய்லர்.

பலகை ஏன் எட்டடியாகவே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டிரெய்லருக்குள் டிராக்டரை ஒட்டி அதுவும் படுக்க வேண்டும், இறங்குகிற இடத்தில் இரண்டு பேர் தூக்கவும் வேண்டும். இரும்பில் அடித்தால், 100 எம்.எம். சேனல் மீட்டருக்கு 9 கிலோவுக்கு மேல். இரண்டு சேனலை வைத்துக் குறுக்கே ஆங்கிள் பற்றவைத்தால் எட்டடியில் ஒரு ரேம்ப் 55 கிலோவை நெருங்கும். பன்னிரண்டடி என்றால் 80-க்கு மேல். எங்கள் ஊர்ப் பட்டறையில் பன்னிரண்டடி கேட்டபோது வெல்டர் சிரித்தார். "போட்டுக் குடுத்துடலாம்ணா. யாரு தூக்கறது?"

நியாயமான கேள்விதான். மூன்றடி உயரத்துக்குப் பத்தடி ரேம்ப் போட்டால் சரிவு 17 டிகிரி சொச்சத்துக்கு இறங்கும், பன்னிரண்டடி போட்டால் 14 சொச்சம். உயரத்தைப் போல நாலு மடங்கு நீளம் என்பதுதான் நிம்மதியான அளவு. ஆனால் அதைத் தூக்க ஆள் வேண்டும், ஏற்றிப் போக இடம் வேண்டும். ரெண்டும் நம்மிடம் இல்லை. ரேம்ப்பை நீட்ட முடியாதபோது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, உயரத்தைக் குறைப்பது. டிராக்டரை ஏற்றுகிற வேலையில் பாதி, டிரெய்லரை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஒன்றரை அடி மேடு கிடைத்தால் போதும். அதே எட்டடி ரேம்ப், சரிவு 22-லிருந்து 11 டிகிரிக்கு வந்துவிடும். காசு செலவில்லை, பட்டறைக்குப் போக வேண்டாம். நம் ஊர் நிலத்தில் இப்படி மேடு இல்லாத இடமே கிடையாது. ரோடு உயர்ந்து கழனி தாழ்ந்து கிடக்கிற இடம், கால்வாய்க் கரை, செங்கல் சூளைக்காரர்கள் லாரிக்கு மண் ஏற்றப் போட்டிருக்கும் மேடு, கிணறு வெட்டிய மண் இறுகிப்போன திட்டு. டிராக்டர் மேட்டின் மேல் நிற்க வேண்டும், டிரெய்லர் பின்பக்கமாகப் பள்ளத்தில் வந்து அணைய வேண்டும். மேடும் தளமும் ஒரே மட்டமாக அமைந்துவிட்டால் ரேம்ப் வெறும் பாலம்தான்.

மேட்டையும் சும்மா நம்பிவிடக் கூடாது. புதுசாகக் கொட்டிய மண்ணின் விளிம்பு, பின் சக்கரம் வந்ததும் சரியும். அதனால் ரேம்ப்பின் கால் விளிம்பில் உட்காராமல் இரண்டடியாவது உள்ளே தள்ளி உட்கார வேண்டும். ஏரிக்கரையை மண்வெட்டியால் கொத்திச் சரிசெய்கிற வேலையே வேண்டாம், ஊரே வந்து நிற்கும், நிற்கவும் வேண்டும். அப்புறம் பக்கவாட்டுச் சாய்வு. ரோட்டோரப் பள்ளத்தில் இறக்கினால் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், ஒரு ரேம்ப் உயரமாகவும் இன்னொன்று தாழ்வாகவும் ஆகும். நான் தளத்தின் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலைக் குறுக்குவாட்டில் படுக்க வைத்துப் பார்ப்பேன். ஜோராக உருண்டால் வண்டியை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிவிடுவேன்.

போன மழைக்கு ஒடுகத்தூர் பக்கம் சேற்று உழவு முடித்துவிட்டுத் திரும்புகிறோம். பிக்கப் ஓட்டி வந்த தம்பிக்கு அடுத்த சவாரி காத்திருக்கிறது. கழனி ஓரத்திலேயே நிறுத்தி, பின் கதவைத் திறந்து, பலகையை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டான்.

"இங்கயே ஏத்திடலாம்ணா. ஒரே தம்முதான்."

"அந்த மதகுகிட்ட மேடு இருக்குது பாரு, அங்க போய் ரிவர்ஸ்ல வைப்பா."

"இன்னாணா, அதுக்கு ஒரு ரவுண்டு அடிச்சிக்கினு வரணும்."

"அடிச்சிக்கினு வா."

முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் சுற்றி வருவதற்குள் எனக்கு வேலை இருந்தது. முதலில் கேஜ் வீல், சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம். சேற்றில் அது இல்லாமல் நகர முடியாது, ரேம்ப்பில் அது இருந்தால் இரும்போடு இரும்பு வழுக்கும். கழற்றி ஓரம் வைத்தேன். அடுத்தது டயர். பட்டனுக்கு நடுவில் களிமண் அப்பிக்கொண்டு, டயர் வழவழவென்று மொட்டையாகிக் கிடந்தது. மண்வெட்டி முனையால் நெம்பினால் செங்கல் செங்கலாகப் பெயர்ந்து விழுகிறது. கால்வாய்த் தண்ணீரை வாரி அடித்துக் கழுவி, உலர்ந்த மண்ணில் முன்னும் பின்னும் நாலு நடை ஓட்டினேன். ரேம்ப்பின் மேல் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டு, வரப்பிலிருந்த காய்ந்த வைக்கோலால் துடைத்தோம். ரேம்ப்பின் கொக்கி தளத்தில் மாட்டியிருந்தாலும், கீழே தொங்குகிற சங்கிலியை பிக்கப்பின் சேசிஸில் சுற்றிப் போட்ட பிறகுதான் சீட்டில் உட்கார்ந்தேன். சக்கரம் ஏற முயலும்போது ரேம்ப்பைப் பின்னோக்கி உதைக்கும். கொக்கி ஒரு விரல்கடை நகர்ந்தாலும் ரேம்ப் நழுவும். சக்கரம் பலகையில் ஏறிய நொடியில் சங்கிலி 'டக்'கென்று இறுகுகிற சத்தம் வரும். அது வந்தபிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

மரப்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கப் பின் சக்கரம் மட்டும் 200 கிலோவுக்கு மேல் அழுத்தும், சரிவில் இன்னும் கூடும். நடுவில் அந்தப் பாரம் நிற்கும்போது இரண்டு இன்ச் பலகை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தொய்யும். தடிமன் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்கு. அதுவே நீளம் இரண்டு மடங்கானால் பலம் பாதி. அதனால் நீளத்துக்கு ஆசைப்பட்டு மெல்லிய பலகையைப் போடக் கூடாது. வீடு இடித்த மரத்தில் ஆணி ஓட்டையும் கண்ணும் இருக்கும், உடைவது அங்கேதான். நடுவில் ஒரு கல்லையோ கட்டையையோ முட்டுக் கொடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அகலம் ஓரடிக்குக் குறையாமல் வேண்டும். டயரில் 8.3-20 என்று அச்சடித்திருந்தால் அகலமே எட்டு இன்ச்சுக்கு மேல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி வேறு வேறாக இருக்கும், முன் சக்கரத்துக்குப் பார்த்துப் போட்ட பலகையில் பின் சக்கரம் பாதி வெளியே தொங்கும். டேப் வைத்து அளந்து, ரேம்ப்பின் மேல் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

டிரெய்லரைப் பொறுத்தவரை ஒரே ஒரு அபாயம் பலருக்கும் தெரியாதது. நம் ஊர் டிரெய்லர் ஒற்றை ஆக்சில். வாலில் பாரம் ஏறினால் தலை எழும்பும். இழுக்கிற டிராக்டரில் இணைப்பு ஊசி (பின்) போட்டு மாட்டாமல் ஜாக்கியில் நிற்கும் டிரெய்லரில் ஏற்றினால், முன் சக்கரம் தளத்தைத் தொடுவதற்குள் இழுவைக் கம்பி வானத்தைப் பார்த்து நிற்கும். மாட்டியிருந்தாலும், இழுக்கிற வண்டியின் பின்பக்கத்தை அது தூக்கப் பார்க்கும். ஹேண்ட்பிரேக் பிடிப்பதே அந்தப் பின் சக்கரத்தில்தான். பின் சக்கரம் லேசானால் பிரேக் போட்டிருந்தும் மொத்தமும் முன்னால் நகரும். டிரெய்லர் வாலுக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுப்பதும், இழுக்கிற வண்டியின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைப்பதும் இதற்காகத்தான். பிக்கப்புக்கும் கட்டை நல்லதே. பாரம் ஏறும்போது ஸ்பிரிங் பட்டை அமுங்கித் தளம் இறங்கும், முட்டு இருந்தால் அசையாது.

இனி டிராக்டர் ஏறுகிற கதை. பின்பக்கம் கவிழ்வது எப்படி நடக்கிறதென்று பார்த்தால், இன்ஜின் பின் ஆக்சிலைச் சுழற்றுகிறது. சக்கரம் சுழன்றால் வண்டி நகரும். சக்கரம் ஏதாவது ஒன்றில் முட்டி நின்றுவிட்டால், அதே விசை ஆக்சிலைச் சுற்றி வண்டியின் உடம்பைத் தூக்கும். சரிவில் ஏற்கெனவே எடை பின்னால் சாய்ந்திருக்கிறது, தூக்குவதற்கு அதிகம் தேவையில்லை. முழுசாகக் கவிழ ஒன்றரை விநாடி, முக்கால் விநாடியிலேயே திரும்ப முடியாத கட்டம் தாண்டிவிடும் என்பது டிராக்டர் பாதுகாப்புப் பாடத்தில் சொல்கிற கணக்கு. கிளட்ச்சை மிதித்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்தக் கணக்கைத் தம் காலோடு பேசிப் பார்க்கட்டும்.

ரேம்ப்பில் சக்கரம் முட்டுகிற இடம் இரண்டு. ஒன்று, தரையிலிருந்து ரேம்ப்பில் ஏறும் முனை. அங்கே மண்ணைத் தள்ளி, படி இல்லாமல் சரிவாக்க வேண்டும். இன்னொன்று, ரேம்ப் முடிந்து தளம் தொடங்கும் உதடு. அங்கே பின் சக்கரம் ஒரு நொடி தயங்கும். அந்த இடத்தில் ஆக்சிலேட்டரை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். ஏற்றக் கூடாது. அதனால்தான் நான் கால் ஆக்சிலேட்டரைத் தொடுவதே இல்லை. கை திராட்டிலை நடுவாக்கில் வைத்துவிட்டு, லோவில் ஃபர்ஸ்ட் கியர், ஃபோர் வீல் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுவேன். நத்தை நடையில் தானாக ஏறும். நடுவில் கியர் மாற்றுவது கிடையாது, கிளட்ச் மிதிப்பதும் கிடையாது. மிதித்தால் இன்ஜினின் பிடி போய் வண்டி பின்னால் உருளும். உருள்கிற வண்டியில் சடாரென்று பிரேக் அடித்தாலும் முன்பக்கம் எழும்பும்.

இடது வலது பிரேக்கை இணைக்கும் கொண்டியைப் போட்டிருக்க வேண்டும். கழனியில் மூலை திரும்ப ஒரு பக்கம் மட்டும் மிதித்த பழக்கத்தில் அதைத் திறந்தே வைத்திருப்போம். ரேம்ப்பில் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி பலகைக்குப் பக்கத்தில் இறங்கும். கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் ரோல் பார் உள்ள வண்டியில் அதை நிமிர்த்திவிட்டு பெல்ட் போடணும். ரோல் பார் இல்லாத வண்டியில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் கவிழும்போது குதிக்கவும் முடியாது.

ரோட்டவேட்டர் முதலில் கழற்ற வேண்டியது. பின் ஆக்சிலுக்கு அந்தப் பக்கம் தொங்குகிற அந்த எடை, முன் சக்கரத்தை இன்னும் லேசாக்கும். ரேம்ப் முனையில் தரையில் இடித்து வண்டியை நிறுத்தவும் செய்யும். கழற்றி மாட்ட அரை மணி நேரம் ஆகும் என்று முகம் சுளிப்பார்கள். ஆகட்டும்.

முன்னால் போகிற மாதிரி ஏற்றுவதா, ரிவர்ஸில் ஏற்றுவதா? டீக்கடையில் தீராத வழக்கு இது. என் கட்சி: மேடு கிடைத்து, சரிவு 15 டிகிரிக்குள் இருந்தால், ரோட்டவேட்டர் கழற்றிய ஃபோர் வீல் வண்டியை முன்பக்கமாகவே ஏற்றலாம், பார்வை நன்றாக இருக்கும். அதற்கு மேல் செங்குத்தானால் ரிவர்ஸ்தான். ரிவர்ஸில் ஏறும்போது முன் சக்கரம் பள்ளத்துப் பக்கம் இருக்கிறது, இன்ஜினின் விசை அதைத் தூக்காமல் தரையில் அழுத்துகிறது. பின்னால் மல்லாக்க விழுகிற வழியே இல்லை. இதற்கும் விலை உண்டு. எடை முன்பக்கம் போய்விடுவதால் பின் சக்கரத்தின் பிடி குறையும். பல மினி டிராக்டரில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதால் பிரேக்கும் வழுக்கும். ஃபோர் வீலைப் போட்டு வைத்தால் நாலு சக்கரமும் பிடிக்கும். டூ வீல் வண்டியை ஈரப் பலகையில் ரிவர்ஸில் ஏற்றுவது எனக்குச் சரிப்படாது. ஸ்டியரிங்கும் பின்னால் போகும்போது கோணும், பத்தடி முன்பிருந்தே நேராக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு. பாதியில் கோணினால் திருத்தப் பார்க்காதீர்கள், கீழே இறக்கி மறுபடி வாருங்கள். 22 டிகிரியில் எந்தப் பக்கமாகவும் ஏற்ற நான் வரமாட்டேன், வாடகை போனாலும் சரி.

ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிராக்டர் ஏறுகிறது என்றால் ஊரில் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் பலகை ஆடாமல் காலால் மிதித்துக்கொள்வார், ஒருவர் பின்னால் நின்று தள்ளுவதற்குக் கை வைப்பார். 650 கிலோ திரும்பி வந்தால் அந்தக் கையால் என்ன செய்ய முடியும்? பின்னாலும் பக்கத்திலும் ஒருத்தரும் வேண்டாம். தளத்துக்கு முன்னால், கேபின் ஓரமாக, என் கண்ணில் படுகிற இடத்தில் ஒரே ஒரு ஆள் நின்று கைகாட்டினால் போதும். வயதில் பெரியவர்களிடம் "நைனா, நீ கொஞ்சம் அந்த மரத்தடியில போய் நில்லு, அங்கிருந்து சொல்லு" என்பேன். சொல்கிற உரிமை அவரிடமே இருக்கிறது என்றால் நகர்ந்துவிடுவார்.

ஏறிய பிறகு கட்டுவது சுலபம். கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக் பூட்டி, சாவியை எடுத்து, நாலு மூலைக்கும் ராட்செட் பெல்ட் அல்லது சங்கிலி. முன்னால் ஆக்சில் பீமில், பின்னால் டிராபாரில் மாட்டணும். ஸ்டியரிங் ராடில் மாட்டினால் அது வளையும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ரோட்டவேட்டரைத் தனியாகக் கட்டணும், இல்லாவிட்டால் வளைவில் அதுவே டிராக்டரை இடிக்கும். ஏலகிரிக்குப் போனால் 14 கொண்டை ஊசி வளைவு, பாதி மலையில் ஒருமுறை இறங்கிக் கட்டுகளை இறுக்கிப் பார்ப்பது வழக்கம். டயரில் காற்று இருக்கிறதால் வண்டி குலுங்கி அமுங்கும், பெல்ட் தளரும்.

இறக்கும்போதும் இதே கணக்குதான், ஆனால் அசதி சேர்ந்துகொள்ளும், அதனால் மேடு தேடச் சோம்பல் வரும். ரிவர்ஸில் ஏற்றியிருந்தால் இறங்கும்போது முகம் முன்னால் இருக்கும், லோ ஃபர்ஸ்ட்டில் இன்ஜின் பிடியிலேயே இறங்கலாம். முன்பக்கமாக ஏற்றியிருந்தால் ரிவர்ஸ் லோவில், கிளட்ச்சைத் தொடாமல். நியூட்ரலில் விட்டு பிரேக்கை நம்பி இறக்குவது மட்டும் வேண்டாம்.

இப்போதெல்லாம் உழவுக்குப் போன் வந்தால், எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன்னால், வண்டி நிறுத்த மேடு இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். போன வாரம் கலவையிலிருந்து ஒருத்தர், "உழவுக்கு வரியா, பொண்ணு பாக்க வரியாப்பா, இத்தன கேள்வி கேக்கற" என்றார். கடைசியில் கால்வாய் ஓரமாக ஒரு திட்டு இருப்பதாகச் சொல்லி, போட்டோ அனுப்பினார். பார்த்தால் போதாது போலிருக்கிறது, ஓரடிதான் வரும். மூன்றடியில் அது போனால் மிச்சம் ரெண்டடி, எட்டடி ரேம்ப்புக்கு 14 டிகிரி சொச்சம். ஏற்றலாம். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.